கோட்னியா உப்புக்கு அடியில் கேசிங் எங்கே நிற்க வேண்டும்? வடக்குக் குவைத் ஜுராசிக் கிணறுகள்

துளைப்பான்:

வணக்கம் நண்பர்களே. மவ்தூத், புர்கான், ஜுபைர் வரை போகும் கிரெட்டேசியஸ் கிணறுகளின் வேலை எனக்குத் தெரியும். இப்போது கையில் இருப்பது ரவுதத்தைன் - சாப்ரியா பக்கத்து ஜுராசிக் கிணறு ஒன்றின் திட்டம். படிக்கப் படிக்கக் குழப்பம்தான் கூடுகிறது.

கோட்னியா பகுதிக்கு மட் (துளைக்குள் சுற்றவிடும் சேறு) வெயிட் 19.5 முதல் 20 பிபிஜி (கேலனுக்கு இத்தனை பவுண்டு). அதற்கு அடுத்த பகுதியில் படிப்படியாகக் குறைத்து, மர்ரத்துக்கு 15 பிபிஜி அளவில் வந்து நிற்கிறது. நடுவில் ஒரு கேசிங், அதாவது துளைச் சுவரைக் காக்கும் எஃகுக் குழாய். அந்தக் கேசிங்கின் ஷூ (அடிமுனை) கடைசி உப்புக்குக் கீழே, நஜ்மாவைத் தொடாமல் நிற்க வேண்டும் என்று தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள். மற்ற கேசிங்குகளுக்கெல்லாம் "கூட்டல் கழித்தல் 50 அடி" என்று இருக்கும்போது இதற்கு மட்டும் ஏன் இவ்வளவு கறார்? 14,000 அடி ஆழத்தில் அந்தச் சில அடியை எப்படிக் கண்டுபிடிப்பது? தவறினால் என்ன ஆகும்? மட், சிமென்ட், எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற நச்சு வாயு) பற்றியும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "ஆஃப்செட் (பக்கத்து) கிணற்றைப் பார்" என்ற ஒரு வரி பதில் வேண்டாம், அதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்கிறேன்.

கல்வாசி:

முதலில் அடுக்கு வரிசையை மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். மேலிருந்து கீழே: மக்ஹுல், ஹித், கோட்னியா, நஜ்மா, சர்கேலு, தருமா, மர்ரத். மர்ரத்துக்குக் கீழே டிரையாசிக் மின்ஜுர். ஹித் பெரும்பாலும் அன்ஹைட்ரைட் (நீரில்லாத கால்சியம் சல்ஃபேட்). கோட்னியாவில் உப்பும் அன்ஹைட்ரைட்டும் மாறி மாறி வரும். நஜ்மா கெரோஜென் (வெந்தால் எண்ணெய் தரும் கரிமப் பொருள்) நிறைந்த கறுப்புச் சுண்ணாம்புக்கல். எண்ணெயும் வாயுவும் எடுக்கப் போவது பெரும்பாலும் நடு மர்ரத்திலிருந்து. நஜ்மா - சர்கேலுவிலும் எடுக்கிறார்கள், ஆனால் அங்கே பாறை இறுக்கம். வெடிப்பு இருந்தால்தான் கிணறு பேசும்.

சவுதிப் பக்கம் அராப் அடுக்குகளின் சுண்ணாம்பு படிந்த காலத்தில், வடக்கே குவைத் - தெற்கு ஈராக் பள்ளத்தில் கடல்நீர் அடைபட்டு உப்பாகக் காய்ந்தது. அதுதான் கோட்னியா. கவாரில் எண்ணெய்த் தேக்கமாக இருக்கும் அடுக்குக்கு இங்கே மூடி வேலை. நஜ்மாவின் கெரோஜென் வெந்து எண்ணெயும் வாயுவும் உண்டாகி மேலே தள்ளப் பார்க்கிறது, உப்பு மூடி விடவில்லை. குக்கரில் வெயிட் போட்ட மாதிரி. மூடிக்குக் கீழே அழுத்தம் ஏறிக் கிடப்பதற்குக் காரணம் இதுவே.

மூடிக்குள்ளேயே இன்னொரு தொல்லை இருக்கிறது. உப்புக்கு நடுவே மாட்டிக்கொண்ட அன்ஹைட்ரைட், கார்பனேட் கீற்றுகளில் உப்புநீர் சிறைப்பட்டிருக்கும். வெளியேற வழியில்லாததால் மேலே உள்ள பாறையின் மொத்தப் பாரமும் அதன் தலையில். மேல்பாரம் அடிக்கு சுமார் 1 பிஎஸ்ஐ என்று வையுங்கள், அதாவது 19.2 பிபிஜி. உங்கள் திட்டத்தில் 19.5, 20 என்று எழுதியிருப்பது இப்போது ஆச்சரியமாக இருக்காது.

இனி உங்கள் கேள்வி. 14,000 அடியில் 20 பிபிஜி மட் தரும் அழுத்தம் 0.052 × 20 × 14,000 = 14,560 பிஎஸ்ஐ. நஜ்மாவின் வெடிப்புகளுக்கு 17 பிபிஜி போதும் என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள் (கிணற்றுக்குக் கிணறு மாறும்), 12,376 பிஎஸ்ஐ. வித்தியாசம் 2,184. வெடிப்புள்ள பாறைக்குள் இவ்வளவு கூடுதல் அழுத்தத்தோடு நுழைந்தால் மட் திரும்பி வராது. மட் மட்டம் இறங்கினால் மேலே உப்பின் மீதான அழுத்தமும் இறங்கும், உப்புநீர் கிணற்றுக்குள் பாயும், உப்பு பைப்பை நெருக்கும். கீழே லாஸ் (மட் பாறைக்குள் ஓடிப்போவது), மேலே கிக் (பாறையின் நீரோ வாயுவோ கிணற்றுக்குள் பாய்வது), இரண்டும் ஒரே துளையில். ஒன்றுக்கு மருந்து கொடுத்தால் மற்றது சாகும் என்ற கதை.

முன்கூட்டியே நிறுத்தினாலும் தப்பில்லை என்று நினைத்துவிடாதீர்கள். ஷூவுக்குக் கீழே 30 அடி உப்பு மிச்சம் இருந்தால் அடுத்த பகுதியிலும் மட்டின் எடையைக் குறைக்க முடியாது, குறைத்தால் அந்த 30 அடி நெருக்கும். கனமான மட்டோடு நஜ்மாவுக்குள் போனால் முதலில் சொன்ன லாஸ். கடைசியில் திட்டத்தில் இல்லாத ஒரு லைனர் (கூடுதல் உள்குழாய்) செலவாகும், துளை ஒரு அளவு சுருங்கும், மர்ரத்தில் நினைத்த அளவு டியூபிங் (உற்பத்திக் குழாய்) இறங்காது.

கடைசி உப்புக்கும் நஜ்மா சுண்ணாம்புக்கும் நடுவே ஒரு மெல்லிய அன்ஹைட்ரைட் அடுக்கு இருக்கும். ஷூ நிற்க வேண்டிய இடம் அதுதான். இறுகிய பாறை, கசியாது, நெருக்காது.

துளைப்பான்:

நன்றி சார், குக்கர் உதாரணத்திலேயே பாதி விளங்கிவிட்டது. அந்த மெல்லிய அடுக்குக்குள் வந்துவிட்டோம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? காமா ரே கருவி (பாறையின் இயற்கைக் கதிர்வீச்சை அளப்பது) பிட்டுக்கு (துளையிடும் முனைக்கு) அருகில் இருந்தால் போதாதா?

கல்வாசி:

காமா போதாது. உப்பும் காமாவில் தாழ்வு, அன்ஹைட்ரைட்டும் தாழ்வு. ரெசிஸ்டிவிட்டி இரண்டுக்கும் வானத்தில் இருக்கும். இரண்டையும் பிரித்துக் காட்டுவது அடர்த்தியும் ஒலிவேகமும்தான். லாகில் (கருவிப் பதிவில்) உப்பின் அடர்த்தி 2.03 அளவில் வரும், அன்ஹைட்ரைட் 2.98. சோனிக்கில் (ஒலி ஒரு அடியைக் கடக்கும் நேரம்) உப்பு 67 மைக்ரோசெகண்ட், அன்ஹைட்ரைட் 50. ஆனால் அந்தக் கருவிகள் பிட்டுக்குப் பல பத்து அடி மேலே உட்கார்ந்திருக்கும். அவை சொல்லும்போது பிட் நஜ்மாவில் நிற்கும். காமா பயன்படும் ஒரே தருணம் நஜ்மா கெரோஜெனைத் தொட்டதும் யுரேனியத்தால் சட்டென்று எகிறும்போது. அது தாமதமாக வரும் செய்தி.

பிட்டில் நடப்பதை உடனே சொல்வது துளையிடும் வேகம். உப்பில் வேகமாக இறங்கும். அன்ஹைட்ரைட் தொட்டதும் வேகம் விழும், டார்க் (திருகு விசை) மாறும். இந்த மாற்றம் சுத்தமாகத் தெரிய வேண்டுமானால் பிட் மேல் எடை, சுழற்சி, பம்ப் மூன்றையும் மாற்றாமல் வைத்திருக்க வேண்டும். டிரில்லர் வேகம் குறைகிறதே என்று எடையை ஏற்றிவிட்டால் அடையாளம் போச்சு. ஆகவே கடைசி உப்பு தொடங்கும் முன்பே டிரில்லரிடம் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

வேகம் விழுந்ததும் நிறுத்தி, கட்டிங்ஸ் (வெட்டிய பாறைத் துண்டுகள்) மேலே வரும் வரை பம்ப் மட்டும். இதில் கணக்கு முக்கியம். 12¼ அங்குலத் துளை, 5½ அங்குல பைப் என்றால் இடைவெளி அடிக்கு 0.1164 பேரல். 14,000 அடிக்கு உத்தேசமாக 1,630 பேரல். நிமிடத்துக்கு 600 கேலன் பம்ப் செய்தால் 114 நிமிடம். மணிக்கு 10 அடி வேகத்தில் நிற்காமல் போனால், அடிப்பாறையின் முதல் துண்டு ஷேக்கருக்கு (மட்டைச் சலிக்கும் வலைக்கு) வரும்போது பிட் 19 அடி தாண்டியிருக்கும். மெல்லிய அடுக்குக்கு இது கட்டுப்படியாகாது. எனவே 5 அடி, நிறுத்து, சுற்று, பார், மறுபடி 5 அடி. ரிக் வாடகை நினைத்து யாராவது முறைப்பார்கள். முறைக்கட்டும்.

தட்டில் என்ன பார்ப்பது என்று கேட்டால்: ஆயில் மட்டில் வந்த கட்டிங்ஸை முதலில் பேஸ் ஆயிலில் அலசுங்கள். எடுத்த எடுப்பில் தண்ணீர் விட்டால் உப்பு கரைந்து, தட்டில் அன்ஹைட்ரைட் மட்டும் மிஞ்சி, "உப்பு முடிந்தது" என்று பொய் சொல்லும். மைக்ரோஸ்கோப்பில் உப்பு கண்ணாடிச் சில்லு மாதிரி, மூலை சதுரமாக உடைந்திருக்கும். அன்ஹைட்ரைட் பால் வெள்ளை, சில நேரம் சர்க்கரைத் தூள் போல, ஊசியால் குத்தினால் வழுக்கும். பிறகு பாதியைத் தனியே எடுத்துத் தண்ணீரில் கழுவி எடை பாருங்கள், எவ்வளவு கரைந்ததோ அவ்வளவு உப்பு. மீதியில் 10% ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு: அன்ஹைட்ரைட் சும்மா இருக்கும், சுண்ணாம்பு நுரைக்கும். கால்சிமீட்டரில் கார்பனேட் சதவீதம் ஒற்றை இலக்கத்திலிருந்து ஏறத் தொடங்கினால் இனி ஒரு அடிகூட வேண்டாம். கறுப்பாக, தார் வாசனையோடு துண்டு வந்தால் நஜ்மாவுக்குள் இருக்கிறீர்கள். அப்போது லாஸ் இன்னும் வரவில்லை என்றால் அது அதிர்ஷ்டம், திறமை இல்லை.

ஒரு பொறி: உப்பின் நடுவிலும் அன்ஹைட்ரைட் கீற்றுகள் வரும். முதல் கீற்றைக் கடைசி அடுக்கு என்று எண்ணி நிறுத்தியவர்கள் உண்டு. உப்பு - அன்ஹைட்ரைட் அடுக்குகளை ஹித்திலிருந்தே எண்ணி வாருங்கள், பக்கத்துக் கிணற்றுத் தடிமனோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு. ரிக்கில் எக்ஸ்ஆர்எஃப் (எக்ஸ்-கதிரால் தனிமங்களை அளக்கும்) கருவி இருந்தால் குளோரின், சல்ஃபர், கால்சியம் மூன்றின் போக்கும் இதை உறுதி செய்யும். மட்டுக்கு எடை தரும் பேரைட்டும் சல்ஃபர் காட்டும் என்பதால் பேரியத்தையும் சேர்த்துப் பார்த்துக் கழிக்க வேண்டும்.

சேற்றுவண்டி:

மட் பக்கம் நான் சொல்கிறேன். இந்த எடையில் ஆயில் மட் தவிர வேறு யோசிக்காதீர்கள். உப்பு கரைந்து துளை பெருக்காது, கனத்திலும் ஓரளவு ஓடும். ஆயில்-தண்ணீர் விகிதம் 90/10 பக்கம்.

20 பிபிஜி என்றால் ஒப்படர்த்தி 2.4. அடிப்படைத் திரவம் 0.87, பேரைட் 4.2 என்று கணக்குப் போட்டால் கன அளவில் 46% திடப்பொருள். பாதி வாளி மண், பாதி வாளி எண்ணெய். ஹெமடைட் (5.0) கலந்தால் 37%க்கு இறங்கும், ஆனால் பம்ப் உதிரிகளைத் தின்னும். மாங்கனீஸ் டெட்ராக்ஸைடு பொடி மிக நுண்மை, படியாது, அமிலத்தில் கரையும், விலைதான் கையைக் கடிக்கும்.

எடை ஏற்றும் சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பேரலுக்கு 1470 × (புதியது − பழையது) ÷ (35 − புதியது) பவுண்டு. 19-லிருந்து 20-க்கு ஏற்ற 98 பவுண்டு. 2,000 பேரல் மட்டுக்கு 1,96,000 பவுண்டு, கிட்டத்தட்ட 89 டன். கூடவே கன அளவு 133 பேரல் கூடும். மட் டேங்கில் இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் பேரைட் திறந்தால் மட் தளத்தில் ஓடும். கோட்னியாவுக்குள் போகும் முன் சைலோவில் ஒரு பிபிஜி ஏற்றும் அளவாவது கையிருப்பு இருக்கட்டும். கிக் வந்த பிறகு லாரிக்கு போன் போடுவது வேலைக்கு ஆகாது.

உப்புநீர் பாய்ந்தால் கிக் போல ஆர்ப்பாட்டமாக வராது. ட்ரிக்கிள், மெல்லிய கசிவு. டேங்கில் ஓரிரு பேரல் ஏறும், வாயு இருக்காது. மட் லேபில் முதலில் தெரிவது: ரிட்டார்ட்டில் (மட்டைக் காய்ச்சிப் பிரிக்கும் சோதனையில்) தண்ணீர் கூடும், எலக்ட்ரிக்கல் ஸ்டெபிலிட்டி (எமல்ஷன் உறுதியின் அளவு) சரியும், குளோரைடு ஏறும், ஷேக்கர் வலையில் மட் பளபளப்பு இழந்து தயிர் மாதிரி திரியும். அந்த நீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம், எமல்ஷனை உடைக்கும். உடனே எமல்சிஃபையர், வெட்டிங் ஏஜென்ட், சுண்ணாம்பு. பேரைட் தண்ணீரில் நனைந்துவிட்டால் கட்டியாகி உட்காரும், பிறகு மீட்பது பெரும்பாடு. பாரம் ஏற்றுவதற்கு முன் எமல்ஷனைச் சரி செய்யுங்கள். இந்த வரிசையை மாற்றினால் இரண்டும் கெடும்.

பேரைட் படிவது இன்னொரு தலைவலி. லாகிங்குக்காக ஒரு நாள் அசையாமல் நின்ற மட்டில் மேலே 18.5, அடியில் 21.5 என்று வருவது சாதாரணம். அதை அப்படியே அடியிலிருந்து ஒரே மூச்சில் சுற்றினால் கனமான துண்டு மேலேறும்போது மேல்பாறை உடையும், லேசான துண்டு வரும்போது கிணறு பாயும். பைப்பைக் கட்டம் கட்டமாக இறக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் சுற்றி எடையைச் சமன் செய்து இறங்குங்கள். தடுக்க வேண்டுமானால் விஸ்காமீட்டரில் 6, 3 ஆர்பிஎம் அளவுகளைக் கவனியுங்கள், 600-ஐ அல்ல. சாய்வுக் கிணற்றில் 45 முதல் 60 டிகிரி வரைதான் மோசம்.

உப்பு நெருக்கினால் எடையைக் கூட்டுங்கள். அதைவிட எளிய மருந்து இல்லை.

வடகாற்று:

கடைசி வரியோடு ஒத்துப்போக முடியவில்லை, அண்ணே. நெருக்கம் தெரிந்ததும் எடையை ஏற்றும் பழக்கத்தால்தான் ஜன்னல் (கிணறு பாயாமலும் பாறை உடையாமலும் இருக்கும் எடை இடைவெளி) மூடிவிடுகிறது. 20 பிபிஜி நிற்கும்போது பம்ப் ஓடினால் அடியில் 20.5 என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் அன்ஹைட்ரைட் இடைக்கீற்றுகளே உடையத் தொடங்கும். முதலில் ஒவ்வொரு ஸ்டாண்டும் (பைப் தொகுப்பு) மேலும் கீழும் ரீம் செய்யுங்கள் (துளையை மறுபடி சீவுங்கள்), வெட்டு வாய் பக்கவாட்டிலும் உள்ள பிடிசி பிட் போடுங்கள். அப்படியும் பைப் மாட்டிக்கொண்டால் நன்னீர் பில், அதாவது சிறு தொகுதி நன்னீர். உப்பைக் கரைக்க நன்னீரைவிடச் சிறந்தது எதுவுமில்லை.

ஆனால் அதையும் கணக்குப் போட்டுத்தான் விட வேண்டும். பிட்டுக்கு மேலுள்ள 8 அங்குலத் தடித்த பைப்பான காலரைச் சுற்றி 12¼ துளையில் அடிக்கு 0.0836 பேரல். 30 பேரல் நன்னீர் 359 அடி உயரம் நிற்கும். 20-க்கும் 8.33-க்கும் உள்ள வித்தியாசம் அந்த உயரத்தில் 218 பிஎஸ்ஐ. உப்புநீர்க் கீற்று அந்த 218-ஐ விட்டுக்கொடுக்காது என்றால் பில்லின் அளவைக் குறையுங்கள். ஆயில் மட்டுக்கும் நன்னீருக்கும் நடுவே முன்னும் பின்னும் ஸ்பேசர் (பிரிக்கும் திரவம்) விட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கிணற்றுக்குள் வெண்ணெய்தான் கடைவீர்கள்.

சேற்றுவண்டி:

சரிதான், வடகாற்று. உடைப்பு அழுத்தம் அருகில் இருக்கும் கிணற்றில் நீங்கள் சொன்ன வரிசையே சரி. எடை ஏற்றம் கடைசிப் படி என்று திருத்திக்கொள்கிறேன்.

வடகாற்று:

இப்போது கேசிங்கும் சிமென்ட்டும். உப்பு நாளாக நாளாக நகர்ந்து கேசிங்கைப் பிழியும். துளை வட்டமாக இல்லாவிட்டால் ஒரு பக்கம் மட்டும் அழுத்தி முட்டை வடிவாக்கிவிடும். எனவே கொலாப்ஸ் (குழாய் நசுங்கும்) கணக்கில் வெளிப்பாரம் அடிக்கு 1 பிஎஸ்ஐ, 13,500 அடியில் 13,500 பிஎஸ்ஐ. உள்ளே 15 பிபிஜி மட் நிறைந்திருந்தால் 10,530 தாங்கிக்கொள்ளும், மிச்சம் 3,000-க்குக் கொஞ்சம் குறைவு. அது சுலபம். ஆனால் அடுத்த பகுதியில் லாஸ் வந்து உள்மட்டம் ஆயிரக்கணக்கான அடி இறங்கும் நிலைக்கும் தாங்க வேண்டும். கோட்னியாவுக்கு எதிரே மட்டும் தடித்த சுவர் பைப் போடுவது இதற்காகத்தான். சுவர் தடித்தால் உள்விட்டம் குறையும். அடுத்த பிட் நுழையுமா என்று ட்ரிஃப்ட் (தடையின்றிக் கடக்கும் விட்டம்) அளவை முதலிலேயே சரி பாருங்கள்.

சிமென்ட் மட்டைவிடக் கனமாக இருக்க வேண்டும். 20 பிபிஜி மட் என்றால் ஸ்லரி (சிமென்ட் கரைசல்) 20.5-க்கு மேல், ஹெமடைட் போட்டு. ஸ்பேசர் இரண்டுக்கும் நடு எடையில், ஆயில் பூசிய கேசிங்கைத் தண்ணீருக்கு நனைக்கும் சர்ஃபாக்டன்ட்டோடு. 110 டிகிரி செல்சியஸ் தாண்டினால் சாதா சிமென்ட் நாளடைவில் வலு இழக்கும். சிமென்ட் எடையில் 35% சிலிக்கா மாவு கட்டாயம். உப்புக்கு எதிரே ஸ்லரி நீரில் உப்பு சேர்க்க வேண்டும், இல்லாவிட்டால் ஸ்லரி பாறையைக் கரைத்து தனக்கும் பாறைக்கும் நடுவே வழி வெட்டிக்கொள்ளும். முழு நிறைவு 37% என்றாலும் அந்த அளவில் இறுகத் தாமதமாகும், ஃப்ளூயிட் லாஸ் கட்டுப்படாது. 15 முதல் 18% வரை வைத்துப் பலர் ஓட்டுகிறார்கள். எதுவானாலும் ரிக்கில் இருக்கும் அதே தண்ணீர், அதே தொகுதி சிமென்ட்டில் லேப் சோதனை செய்த பிறகு.

ஷூவை உடைத்து 5, 10 அடி புதுத் துளை போட்டு எஃப்ஐடி (பாறை அழுத்தம் தாங்குமா என்ற சோதனை) பாருங்கள். அதற்குப் பின் எடையைக் குறைப்பதும் ஒரே தாவலில் வேண்டாம். நஜ்மா - சர்கேலுவில் பம்ப் நிறுத்தியதும் மட் திரும்பி வரும். கிக் என்று பதறி எடை ஏற்றினால் அடுத்த முறை இன்னும் அதிகமாக உள்ளே போகும், இன்னும் அதிகமாகத் திரும்பும். வெடிப்புகள் பம்ப் ஓடும்போது குடித்து, நிறுத்தினால் துப்புகின்றன, அவ்வளவுதான். ஒவ்வொரு கனெக்‌ஷனிலும் எத்தனை பேரல், எத்தனை நிமிடத்தில் திரும்பியது என்று குறித்து வைத்தால் வேறுபாடு தெரியும்: ஓட்டம் நேரமாக ஆகக் குறைந்துகொண்டே வந்தால் துப்பல், குறையாமலோ கூடிக்கொண்டோ வந்தால் கிக். சந்தேகம் இருந்தால் மூடுங்கள். மூடிய பின் யோசிக்க நேரம் இருக்கிறது.

ஜன்னல் அரை பிபிஜிக்குள் சுருங்கினால் எம்பிடி (அழுத்தத்தைக் கட்டுப்படுத்தித் துளையிடும் முறை). மட்டை லேசாக வைத்து, மேலே சோக்கில் (ஓட்டத்தைக் குறுக்கும் வால்வில்) பிடித்துச் சமன் செய்வது. 14,000 அடியில் மேற்பரப்பில் 300 பிஎஸ்ஐ பிடித்தால் 0.41 பிபிஜிக்குச் சமம், அதுவும் நொடியில் கூட்டலாம் குறைக்கலாம். பேரைட் மூலம் அதே வேலைக்கு அரை நாள்.

அடிமட்டம்:

எச்2எஸ் பற்றி ஒருவரும் எழுதவில்லை. மர்ரத் வாயுவில் அது சதவீதக் கணக்கில் வரும், பிபிஎம் கணக்கில் அல்ல. 1% என்றால் 10,000 பிபிஎம். 100 பிபிஎம்மே உயிருக்கு ஆபத்தான எல்லை, அலாரம் 10-ல். மூக்கை நம்ப வேண்டாம், அளவு கூடினால் வாசனையே தெரியாமல் போகும். காற்றைவிடக் கனம். செல்லார் (கிணற்று வாய்க் குழி), ஷேக்கர் அடி, மட் டேங்க் பள்ளம், இவைதான் தேங்கும் இடங்கள். மட்டில் கரையாத சுண்ணாம்பு பேரலுக்கு 3 முதல் 5 பவுண்டு மிச்சம் இருக்கும்படி வைத்தால் வரும் எச்2எஸ்ஸை முதலில் அது பிடிக்கும். மேலும் வேண்டுமானால் துத்தநாக ஸ்கேவெஞ்சர்.

உலோகத்தில் பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. எச்2எஸ்ஸால் எஃகு திடீரென்று விரிசல் விடுவது சூட்டில் அல்ல, குளிர்ந்த இடத்தில்தான் மோசம். பி-110 கேசிங்கை ஐஎஸ்ஓ 15156 விதி 80 டிகிரிக்கு மேல்தான் அனுமதிக்கிறது, க்யூ-125-ஐ 107-க்கு மேல். அடியில் 135 டிகிரி இருக்கும்போது பாதுகாப்பாக இருக்கும் பைப், கிணற்றை மூடி மேல்பகுதி ஆறிய பிறகு உடையலாம். எனவே மேலே டி-95, சி-110 மாதிரி சோர் (எச்2எஸ் தாங்கும்) வகைகள். டியூபிங் நிக்கல் கலப்பு உலோகம். வெல்ஹெட்டும் ட்ரீயும் (கிணற்று வாய் வால்வுத் தொகுதி) 15,000 பிஎஸ்ஐ தரம். எலாஸ்டமரில் (ரப்பர் சீல்களில்) சாதா நைட்ரைல் வேண்டாம், எச்2எஸ்ஸில் கெட்டியாகி விரிசல் விடும்.

உற்பத்திக்கு வந்தால், மர்ரத்தில் துளையிட்டபோது லாஸுக்காகப் போட்டதெல்லாம் பின்னால் வட்டியோடு கேட்கும். தேக்கப் பாறையில் கால்சியம் கார்பனேட் மட்டும் போடுங்கள், அமிலத்தில் கரையும். மைகா, நட்ஷெல், பேரைட் கரையாது. இந்தச் சூட்டில் 15% அமிலம் பாறையைத் தொட்டதும் துளையருகிலேயே தீர்ந்துவிடும், உள்ளே போகாது. அதனால் 70 பங்கு அமிலத்தை 30 பங்கு டீசலுக்குள் எமல்ஷனாக்கி விடுகிறார்கள். டீசல் உறை உடையும் வரை அமிலம் தூங்கிக்கொண்டு உள்ளே பயணம் செய்யும். கரோஷன் இன்ஹிபிட்டர், இரும்புக் கட்டுப்பாடு, ஆன்ட்டி-ஸ்லட்ஜ் மூன்றும் அந்தக் கிணற்று எண்ணெயிலேயே சோதித்துப் பார்த்த பிறகு மட்டும். சோதிக்காமல் விட்டால் அமிலமும் எண்ணெயும் சேர்ந்து தார் உருண்டை ஆகும்.

அடுத்தது அஸ்ஃபால்டீன், எண்ணெயில் உள்ள தார் போன்ற கனப்பொருள். லேசான எண்ணெய், அதிக அழுத்தம் என்றால் பிரச்சினை இல்லை என்று தோன்றும், உண்மையில் அந்த வகைதான் மோசம். எண்ணெய் மேலேறும்போது அழுத்தம் குறைந்து பபுள் பாயிண்டை (வாயு பிரியத் தொடங்கும் அழுத்தத்தை) நெருங்க நெருங்க அஸ்ஃபால்டீன் பிரிந்து டியூபிங் சுவரில் ஒட்டும், அதைத் தாண்டினால் ஓரளவு மறுபடி கரையும். ஆக டியூபிங்கின் ஒரு குறிப்பிட்ட நீளத்தில் மட்டும் அடைப்பு. சோக் மாற்றாமலே மேல் அழுத்தம் வாரா வாரம் இறங்கினால் சந்தேகப்படுங்கள், கேஜ் கட்டர் (குழாயின் உள்விட்டம் பார்க்கும் கருவி) இறக்கி எங்கே தட்டுகிறது என்று பாருங்கள். சோக்கைச் சிறிதாக்கி டியூபிங் அழுத்தத்தை உயர்த்தி வைத்தால் படியும் வேகம் குறையும்.

துளைப்பான்:

எல்லோருக்கும் நன்றி. அடிமட்டம் சாரிடம் ஒன்று: அஸ்ஃபால்டீன் அடைப்புக்குச் சூடான டீசல் சுற்றினால் போதுமா? மெழுகு அடைப்புக்கு அதைத்தான் செய்வோம்.

அடிமட்டம்:

கூடவே கூடாது. மெழுகும் அஸ்ஃபால்டீனும் எதிரெதிர். டீசலில் உள்ள நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பன்கள் அஸ்ஃபால்டீனை இன்னும் பிரியவைக்கும். லேபில் அதை எண்ணெயிலிருந்து பிரிக்கப் பயன்படுத்துவதே ஹெப்டேன்தான். சைலீன் அல்லது டொலுயீன், காயில்டு டியூபிங்கில் (சுருள் குழாயில்) அடைப்புக்கு எதிரே வைத்து ஊறவிட்டுப் பிறகு ஓட்டுங்கள். எவ்வளவு நேரம் ஊற வேண்டும் என்பதை அடைப்பிலிருந்து சுரண்டி எடுத்த துண்டைக் குப்பியில் போட்டுப் பாருங்கள், அது சொல்லும். சைலீன் தீப்பிடிக்கும், கிணறு எச்2எஸ் கிணறு. டேங்கர் நிற்கும் இடம் காற்று வரும் திசையில் இருக்கட்டும், எர்த்திங் கம்பி மாட்டிய பிறகே ஹோஸ்.

கல்வாசி:

துளைப்பான், ஒன்று விட்டுப்போனது. ஷூ ஆழம் முடிவானதும் அந்தக் கடைசி 5 அடியின் கட்டிங்ஸை உலர்த்தாமல், கழுவாமல் ஒரு பை தனியே எடுத்து வையுங்கள். அடுத்த கிணற்றின் ஆட்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.